விடுமுறை வீட்டில் அடுப்பு யார் பொறுப்பு?



ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனியிலோ டேனரியிலோ எக்ஸ்போர்ட் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு ஆகஸ்ட் மாதம் எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரியும். இத்தாலிக்கு அனுப்பிய மெயிலுக்குப் பதில் வராது. சாம்பிள் ஓகே ஆயிற்றா என்று போன் போட்டுக் கேட்டால் எடுக்க ஆள் இருக்காது. ஆகஸ்ட் 15 அங்கே பெரிய விடுமுறை. பெராகோஸ்தோ என்கிறார்கள். ரோமாபுரிச் சக்கரவர்த்தி அகஸ்டஸ் காலத்து வழக்கம். அந்த நாளை ஒட்டிப் பல ஃபேக்டரிகளை இரண்டு மூன்று வாரம் பூட்டிவிடுகிறார்கள். முதலாளியும் போவார், மிஷின் ஓட்டுபவரும் போவார். குடும்பத்தோடு கடற்கரைக்கு.

ஆர்டர் தள்ளிப்போகிறதே என்று நம்மூரில் அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அந்த வழக்கம் பிடித்திருக்கிறது. வருடத்தில் சில நாளாவது குடும்பம் முழுக்க வேலையை விட்டுவிட்டு ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று அங்கே வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் எல்லோரும் சேர்ந்தாற்போல் மூன்று நாள் இருந்தது கடைசியாக எப்போது? யோசித்துப் பாருங்கள். கல்யாணம், இல்லாவிட்டால் சாவு. அப்படித்தானே?

சில மாதங்களாக வாசகர் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "ஹோட்டல் வேண்டாம், ஒரு வீட்டையே மொத்தமாக எடுத்துக் குடும்பத்தோடு தங்க ஆசை. கடலோரமாக எங்கே போகலாம்?" சிலர் ஈசிஆர் பக்கம் கேட்கிறார்கள், சிலர் புதுச்சேரி. வியாபாரத்தில் கொஞ்சம் வசதியானவர்கள் ஓரிருவர் இத்தாலியின் தெற்கே இருக்கும் பூலியாவையே கேட்கிறார்கள். "மிலான் தோல் கண்காட்சிக்குப் பலமுறை போய்விட்டேன். வீட்டினரை ஒரு தடவைகூட அழைத்துப் போனதில்லை" என்று அதில் ஒருவர் எழுதியிருந்தார். எல்லோருக்கும் சேர்த்தே இந்தப் பக்கத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

நம் குடும்பங்களுக்கு ஹோட்டலைவிட வீடுதான் பொருந்தும் என்பது என் கருத்து. ஹோட்டலில் மூன்று ரூம் போட்டால் ஒன்று முதல் மாடியில் இருக்கும், இன்னொன்று மூன்றாவது மாடியில். பாட்டி ஒரு ரூமில் டிவி பார்த்துக்கொண்டிருப்பார், பிள்ளைகள் இன்னொரு ரூமில் போன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீடு என்றால் ஒரு ஹால் இருக்கும், ஒரு வராண்டா இருக்கும். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் பாய் விரித்து உட்கார்ந்தால் பழைய கதையெல்லாம் வெளியே வரும். சின்னக் குழந்தைக்கு நினைத்த நேரத்தில் பால் காய்ச்சலாம், சர்க்கரை நோயாளிக்கு நேரத்துக்குச் சாப்பாடு கொடுக்கலாம். மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து எடுத்தால், தலைக்கு விழும் செலவும் பெரும்பாலும் ஹோட்டலைவிடக் குறையும்.

ஆனால் வீடு என்றால் சமையலறையும் கூடவே வருகிறது. நான் இன்று முக்கியமாகப் பேச நினைப்பது அதைப் பற்றித்தான்.

பேரணாம்பட்டு பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம் என் மேஜையில் இருக்கிறது. போன கோடையில் பன்னிரண்டு பேர் சேர்ந்து மூன்று நாளைக்கு ஒரு கடலோர வீட்டை எடுத்திருக்கிறார்கள். போகும்போதே அரிசி, பருப்பு, மசாலா, குக்கர், இட்லிப் பாத்திரம் எல்லாம் வேனில் ஏறிவிட்டது. "காலையில் எல்லோருக்கும் டிபன் முடித்துப் பாத்திரம் கழுவி நிமிர்ந்தால் மதியச் சமையல் நேரம் வந்துவிடும். அதுவும் முடிந்து கடலுக்குப் போகலாம் என்று புடவை மாற்றும்போது, குளித்துவிட்டு எல்லோரும் பசியோடு திரும்பி வருவார்கள். மூன்று நாளில் நான் கடலோரம் நின்றது ஒரு மணி நேரம் இருக்கும்" என்று எழுதியிருக்கிறார். கோபமாக எழுதவில்லை. அடுத்த முறை வீடு வேண்டாம், ஹோட்டலே போதும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறார்.

இது ஒரு வீட்டுக் கதையா? உங்கள் வீட்டிலும் இதுதானே நடந்தது?

வீடு எடுத்தால் மலிவு என்று நாம் போடும் கணக்கில் ஹோட்டல் சாப்பாட்டுக் காசு மிச்சமாகிறது. அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது? ஒரு பெண்ணின் உழைப்பிலிருந்துதான் வருகிறது. நம் பகுதி ஷூ ஃபேக்டரிகளில் தையல் லைனில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். மாதனூர், நாட்றம்பள்ளி, குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து காலையில் சமைத்து டப்பா கட்டிவிட்டுக் கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள். 20 நாள் வேலை செய்தால் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு என்று சட்டம் சொல்கிறது. அதைச் சேர்த்துச் சேர்த்து வைத்து, கடைசியில் யாருக்காவது ஆஸ்பத்திரி, ஏதாவது விசேஷம் என்றுதான் எடுக்கிறார்கள். அப்படிச் சேர்த்த விடுப்பில் மூன்று நாளை எடுத்துக் கடலோரம் போய், அங்கேயும் அடுப்படியில் நின்றால் அது அவருக்கு என்ன விடுமுறை?

அதனால் வீடு தேடுவதற்கு முன்பே சாப்பாட்டை முடிவு செய்யுங்கள். கடல் தெரிகிற ஜன்னல், நீச்சல் குளம் எல்லாம் அப்புறம்.

கடலோர வீடுகளில் பெரும்பாலும் ஒரு கேர்டேக்கர் குடும்பம் இருக்கும். சமைத்துத் தருவார்களா, ஒரு வேளைக்குத் தலைக்கு எவ்வளவு என்று முதல் போனிலேயே கேளுங்கள். பேசிய தொகையைச் சமைக்கிற அம்மாவின் கையில் நேரடியாகக் கொடுங்கள். காலையில் படகு வந்ததும் மீன் வாங்கி அவர்கள் வைக்கிற குழம்புக்காகவே ஒரு முறை போகலாம். இருபது, இருபத்தைந்து பேர் போகிற பெரிய குடும்பம் என்றால் நம்மூரிலிருந்தே ஒரு சமையல் பண்டாரியைத் தேக்சாப் பாத்திரத்தோடு அழைத்துப் போய்விடலாம். கல்யாணத்துக்குச் செய்கிறோம், இதற்குச் செய்தால் என்ன? இரண்டும் முடியாது என்றால் ஒரு வேளை மட்டும் வீட்டில், மற்றது வெளியே மெஸ்ஸில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வேளை ஆண்கள் பொறுப்பு. பாத்திரம் கழுவுவதும் சேர்த்துத்தான். பிரெட்டும் ஆம்லெட்டும் போதும், யாரும் குறை சொல்லப் போவதில்லை.

சரி, எங்கே போவது?

நம் பகுதிக்காரர்களுக்கு நான் முதலில் சொல்கிற இடம் பாலாறு கடலில் சேரும் பக்கம். நந்தி மலையில் புறப்பட்டு, கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திராவில் 33, தமிழ்நாட்டில் 222 என்று மொத்தம் 348 கிலோமீட்டர் வருகிறது நம் ஆறு. வாணியம்பாடியையும் ஆம்பூரையும் வேலூரையும் தாண்டி, செங்கல்பட்டு மாவட்டத்தில் வாயலூர் பக்கம் வங்கக் கடலில் சேர்கிறது. நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த பாலாறு மணல்தான். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு வெள்ளம் ஓடியபோது ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. அந்த ஆறு எங்கே போய் முடிகிறது என்று நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? தோல் கழிவு இந்த ஆற்றுக்குச் செய்த கெடுதலைப் பற்றி 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் மக்கள் போட்ட வழக்கில் தீர்ப்பு சொன்னது. சுற்றுச்சூழலைக் கெடுத்தவரே அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை நம் சட்டத்தில் உறுதி செய்த தீர்ப்பு அது. இந்தத் தொழிலில் சாப்பிடுகிற குடும்பத்துப் பிள்ளைகள் ஆற்றின் முடிவில் நின்றுகொண்டு அந்தக் கதையைக் கேட்பது நல்லது.

அங்கிருந்து கொஞ்சம் வடக்கே, கல்பாக்கத்தை ஒட்டி சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையும், அதற்குள் அவர்களுடைய கல்லறைகளும் இருக்கின்றன. கூட்டமே இருக்காது. இன்னும் வடக்கே மாமல்லபுரம், 1984-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற ஊர். இந்தப் பகுதியில் சாலையை ஒட்டி வாடகை வீடுகள் நிறைய இருக்கின்றன. சனி, ஞாயிறு சென்னைக்காரர்கள் வந்துவிடுவதால் வாடகை ஏறும். திங்கள் முதல் வியாழன் வரை கேட்டுப் பாருங்கள், பேரம் பேச இடம் இருக்கும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வீடுகளைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். எனக்குத் தமிழர் பகுதியில், வைசியாள் வீதி மாதிரி தெருக்களில், திண்ணையும் முற்றமுமாகப் புதுப்பித்து வைத்திருக்கிற வீடுகள்தான் பிடிக்கும். பாட்டிகளுக்கு அந்த வீடு உடனே பழகிவிடும். காட்பாடியிலிருந்து திருவண்ணாமலை வழியாக விழுப்புரத்துக்கு ரயில் இருக்கிறது, அங்கிருந்து புதுச்சேரி பக்கம்தான். வார இறுதியில் மட்டும் போகாதீர்கள். சென்னை, பெங்களூர்க் கூட்டம் குடிப்பதற்கென்றே வந்து இறங்கும். தரங்கம்பாடி இன்னும் தெற்கே, நம் ஊரிலிருந்து தூரம். 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. சத்தமே இல்லாத ஊர் வேண்டும் என்றால் அது.

வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் பாதி வரை வேண்டாம். காலாண்டுப் பரீட்சை லீவில் வாரநாளாகப் பார்த்துப் போகலாம். காணும் பொங்கல் அன்று எந்தக் கடற்கரைக்கும் போகவே போகாதீர்கள்.

கடலைப் பற்றி ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நாம் மலையும் மணலாறும் பார்த்து வளர்ந்தவர்கள். கடல் நமக்குப் பழக்கமில்லை. மாமல்லபுரத்தை ஒட்டிய கரையில் மேலே அமைதியாகத் தெரியும் இடத்தில்கூட அடியில் நீரோட்டம் ஆளை உள்ளே இழுத்துவிடும். நீச்சல் தெரிந்த இளைஞர்களே அங்கே உயிரை விட்டிருக்கிறார்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டாம். கூடப் போகிற பெரியவர்களில் ஒருவர் குழந்தைகளின் பக்கத்திலேயே நிற்க வேண்டும், போன் பார்க்காமல். குளிக்கத்தான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தால் ஈசிஆர் கோவளத்தில் நீலக் கொடிச் சான்று பெற்ற கடற்கரை இருக்கிறது, அங்கே போய் காவலர்கள் சொல்கிற இடத்தில் மட்டும் இறங்கட்டும்.

நீச்சல் குளம் இருக்கிற வீடும் இதே மாதிரிதான். ஹோட்டலில் குளத்துக்கு ஒரு ஆள் நிற்பார். வாடகை வீட்டில் யாரும் நிற்க மாட்டார்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் குடும்பம் என்றால் குளம் இல்லாத வீட்டையே எடுங்கள் என்பேன்.

பிடித்த வீட்டைப் போட்டோவில் பார்த்தவுடன் ஜிபேயில் அட்வான்ஸ் போட்டுவிடாதீர்கள். யாரோ ஒருவருடைய வீட்டின் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, வேறு யாரோ பணம் வாங்கிவிட்டு நம்பரை மாற்றிவிடுகிற மோசடி நடக்கிறது. வீடியோ காலில் கேட்டிலிருந்து சமையலறை வரை நடந்து காட்டச் சொல்லுங்கள். உண்மையான வீட்டுக்காரர் தயங்க மாட்டார். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு.

அப்படி வீடியோவில் பார்க்கும்போதே கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறையும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். மூட்டு வலி இருக்கிற அம்மாவை மாடி ஏற்றி இறக்கினால் இரண்டாம் நாளே ஊருக்குப் போகலாம் என்பார். ஜெனரேட்டர் உண்டா, குடிக்கத் தண்ணீர் என்ன ஏற்பாடு, ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம்? கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பாக இருக்கலாம். அசைவம் சமைக்கலாமா என்பதையும் கூச்சப்படாமல் முதலிலேயே கேட்டுவிடுங்கள். சில வீட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். போய் இறங்கிய பிறகு மனம் வருத்தப்படுவதைவிட முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

இனி பூலியா கேட்டவர்களுக்கு.

இத்தாலி வரைபடம் பூட்ஸ் மாதிரி இருக்கிறதல்லவா, அதில் குதிகால்தான் பூலியா. பார்லெட்டா, கசரானோ என்று அங்கேயும் ஷூ தொழில் ஊர்கள் உண்டு. பக்கத்துக் கம்பானியா மாநிலத்தில் சொலோஃப்ரா நம் ஊர்கள் மாதிரியே தோல் பதனிடும் ஊர். தொழில்காரர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும், அப்பா யாருக்காக இவ்வளவு ஷூ அனுப்புகிறார் என்று பார்க்க நல்ல வாய்ப்பு. அல்பெரோபெல்லோ என்ற ஊரில் சுண்ணாம்புக் கலவை இல்லாமல் கல்லை அடுக்கியே கூம்புக் கூரை போட்ட வீடுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. 1996-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அந்த வீடுகளில் சிலவற்றை வாடகைக்கும் விடுகிறார்கள். 1931 டிசம்பரில் வட்டமேசை மாநாடு முடிந்து காந்தி ஊருக்குக் கப்பல் ஏறியது பூலியாவின் பிரிந்திசி துறைமுகத்தில். 1943 செப்டம்பரில் எட்டாவது இந்தியப் படைப்பிரிவு இத்தாலியில் இறங்கியது இங்கேயே இருக்கிற தாரந்தோவில். பட்டாளத்துக்கு வீட்டுக்கு வீடு ஆள் அனுப்பிய வேலூர்க்காரர்கள் அந்தத் துறைமுகத்தைப் பார்க்காமல் வரக் கூடாது.

காலத்தைப் பொறுத்தவரை நமக்கு ஒரு வசதி. நம் பள்ளிகளுக்கு லீவு மே மாதம். அங்கே மே இதமான மாதம், கூட்டம் குறைவு, வாடகையும் ஆகஸ்ட் அளவுக்கு ஏறியிருக்காது. கடல் தண்ணீர்தான் கொஞ்சம் குளிரும். இத்தாலிக்குத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், சென்னையிலேயே மையம் இருக்கிறது. மே பயணத்துக்கு முந்தைய நவம்பரிலேயே வேலையை ஆரம்பித்துவிடுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். வயதானவர்கள் சாப்பிடும் மாத்திரைகளோடு டாக்டர் சீட்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலியில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் ஒவ்வொரு வீட்டுக்கும் அரசு ஒரு அடையாள எண் கொடுக்கிறது. 2025 தொடக்கத்திலிருந்து விளம்பரத்தில் அது இருந்தே ஆக வேண்டும். அந்த எண் இல்லாத வீட்டைத் தொடாதீர்கள்.

பாரி அல்லது பிரிந்திசி விமான நிலையத்தில் இறங்கலாம், ரோமிலிருந்து பாரிக்கு ரயிலில் சுமார் நான்கு மணி நேரம். கிராமத்து வீடு எடுத்தால் கார் இல்லாமல் முடியாது. நம்மூர் ஆர்டிஓ ஆபீசில் சர்வதேச டிரைவிங் பர்மிட் வாங்கிக்கொண்டு போங்கள். மதியம் ஒரு மணிக்கு மேல் பல கடைகள் பூட்டிவிடும், சாயங்காலம்தான் திறப்பார்கள்.

அங்கே போயும் ரசப்பொடி, குக்கர் என்று சூட்கேஸை நிரப்ப வேண்டாம். பூலியாவின் சாப்பாடு ஏழைக் குடியானவர்களின் சாப்பாடு. பயறு, கொண்டைக்கடலை, கீரை, கத்திரிக்காய், ஆலிவ் எண்ணெய். உலர்ந்த ஃபாவா மொச்சையை வேகவைத்துக் கடைந்து மேலே கசப்புக் கீரை வைத்துத் தருகிறார்கள். சைவக்காரர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். பாரியின் பழைய தெருக்களில் பெண்கள் வீட்டு வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து கையாலேயே பாஸ்தா உருட்டி விற்கிறார்கள். ஹலால் இறைச்சி பெரிய ஊர்களில்தான் கிடைக்கும். மீன் எங்கும் கிடைக்கும்.

ஒன்று மட்டும் எல்லோருக்கும். பூலியாவோ புதுச்சேரியோ, கடன் வாங்கிப் போகாதீர்கள். இஎம்ஐ போட்டுப் போய்வந்த விடுமுறை, அடுத்த வருடம் முழுக்க வீட்டில் பேச்சாகிவிடும். கையில் இருப்பது ஏலகிரிக்குத்தான் போதும் என்றால் ஏலகிரி. ஜோலார்பேட்டையிலிருந்து பக்கம், அங்கேயும் வீடு கிடைக்கிறது, அங்கேயும் கேர்டேக்கர் வீட்டில் சமைத்துத் தருகிறார்கள்.

நீங்கள் குடும்பத்தோடு தங்கி வந்த வாடகை வீட்டைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். எந்த ஊர், எத்தனை பேர், என்ன செலவு, முக்கியமாக யார் சமைத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கடிதத்தை அந்த வீட்டின் பெண்கள் எழுதினால் எனக்கு இன்னும் சந்தோஷம். காலாண்டு லீவுக்கு முன் வரும் இதழில் பிரசுரிக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்